சிலையைத் திருப்பிப் பாருங்கள்



மாமல்லபுரத்தில் ஒரு கடையில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் பிள்ளையாருக்கு, அடுத்த சிற்பக்கூடத்தில் சில ஆயிரம் சொல்லுவார்கள். இரண்டும் கறுப்பு, இரண்டும் வழவழப்பு. விலை ஏன் இப்படி விலகுகிறது?

சிற்பி முதலில் கல்லைத் தட்டிப் பார்க்கிறார். கணீரென்று ஒலித்தால் எடுத்துக்கொள்வார். சத்தம் அமுங்கினால் உள்ளே விரிசல் இருக்கலாம். பிறகு காவியால் கோடு போடுகிறார். முகத்தின் நீளம்தான் அளவுகோல். அதற்குத் தாளம் என்று பெயர். பெருமாளுக்குப் பத்து தாளம் என்றால் பிள்ளையாருக்கு ஐந்து. கருங்கல்லில் உளி சீக்கிரம் மழுங்கிவிடும் என்பதால் பக்கத்திலேயே சிறு உலை இருக்கும். நுனியைக் காய்ச்சி, தட்டிக் கூராக்கி, தண்ணீரில் தோய்த்து மறுபடி கொத்த உட்காருவார்கள். கண் திறப்பது கடைசியில்தான்.

பல்லவச் சிற்பிகள் வேலை செய்த விதமும் இதே ஊரில் கண்ணெதிரே இருக்கிறது. பிடாரி ரதங்களிலும் வலையன்குட்டை ரதத்திலும் மேல்பகுதி முடிந்திருக்க, கீழே வெறும் பாறை நிற்கிறது. மேலிருந்து கீழாகவே செதுக்கி வந்திருக்கிறார்கள். அந்த மரபைச் சொல்லித்தர 1957-இல் இங்கே அரசு சிற்பக் கல்லூரி தொடங்கியது. குமரிமுனையில் 133 அடி வள்ளுவர் சிலையை உருவாக்கிய கணபதி ஸ்தபதி அதன் முதல்வராக இருந்தவர். 2017-இல் மாமல்லபுரம் கற்சிற்பத்துக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது.

இந்தப் பெயரைச் சொல்லித்தான் போலியும் விற்கிறது.

கல்தூளைப் பிசினில் குழைத்து அச்சில் வார்த்த சிலையைத் தலைகீழாகத் திருப்பினாலே பாதி உண்மை வெளிவந்துவிடும். அடியில் ஊசிமுனை அளவில் காற்றுக்குமிழித் துளைகள் தெரியும். காதோரமும் கை இடுக்கும் இன்னும் நல்ல சாட்சி: அச்சின் இரு பாதிகள் சேர்ந்த மெல்லிய கோட்டை அங்கே முழுக்கத் தேய்த்து மறைப்பது கடினம். எடையும் பொய் சொல்லாது. ஒரு கன அடி கருங்கல் ஏறத்தாழ 75 கிலோ. கையளவுச் சிலைகூடக் கனக்க வேண்டும். மாக்கல்லுக்குச் சாயம் பூசிக் கருங்கல் என்று தந்தால், கடைக்காரரிடம் கேட்டுக்கொண்டு அடிப்பக்கம் சாவியால் லேசாகக் கீறலாம். மாக்கல் வெள்ளையாகப் பொடி உதிரும்.

கணினி எந்திரம் செதுக்கியதும் உண்மையான கல்தான்; கைவேலை என்று விற்பதுதான் மோசடி. ஆடை மடிப்பின் பள்ளத்தில் ஒரே இடைவெளியில் வரிகள் ஓடினால் அது எந்திரத்தின் தடம். உளிக்குத்து அப்படி வரிசை கட்டாது. முதற்கட்டக் கல்லைக் கிரைண்டரால் கழிக்கும் சிற்பியை மட்டும் குறை சொல்ல வேண்டாம். அப்போது பறக்கும் கல்தூசு சிலிக்கோசிஸ் நோயைக் கொண்டுவரக்கூடியது, அதைச் சுவாசிப்பவரும் அவரே.

'பழைய கோயில் சிலை' என்று யாராவது காதோடு சொன்னால் உடனே விலகிவிடுங்கள். 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி, நூறாண்டு கடந்த சிற்பத்தை உரிமமின்றி வியாபாரம் செய்யவும் கூடாது, தனியார் வெளிநாட்டுக்கு அனுப்பவும் கூடாது. அவர் சொல்வது மெய்யானால் குற்றம், பொய்யானால் ஏமாற்று.

அடுத்த முறை மாமல்லபுரம் போகும்போது கடையோடு நிற்காமல் சிற்பக்கூடத்துக்குள் போய் வேலையைப் பாருங்கள். வாங்கும்போது கல்லின் பெயரையும் கைவேலை என்பதையும் பில்லில் எழுதிக் கேளுங்கள். உளி பிடித்தவர் அதற்குத் தயங்கமாட்டார். அவரிடம் பேரம் பேசுவதையும் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள்.