‘ஞானசௌந்தரி’ காட்டும் விசுவாசம்



நத்தார்ப் பண்டிகைக் காலத்தில் மேல்நாட்டுக் குடும்பங்கள் முதியோரும் சிறுவருமாக ஒருங்கே அமர்ந்து பார்த்து மகிழும் திரைப்படங்கள் சில உண்டு. ஃபிராங்க் கேப்ரா இயக்கி, 1946ஆம் ஆண்டில் வெளிவந்த ‘இட்ஸ் எ வொண்டர்ஃபுல் லைஃப்’ அவற்றுள் பெரும்புகழ் வாய்ந்தது. தமிழ்க் குடும்பங்களுக்கு அத்தகைய இடத்தில் வைத்து எண்ணத்தக்க கிறிஸ்தவப் படம் யாதெனக் கேட்டால், 1948ஆம் ஆண்டில் சென்னைச் சிட்டாடல் நிறுவனத்தார் எடுத்த ‘ஞானசௌந்தரி’யையே நான் குறிப்பிடுவேன். அப்படத்தினின்று நாம் பெறக்கூடிய சமயப் பாடம் எது என்பதை இன்று சிறிது ஆராய்வோம்.

எம். வி. ராஜம்மா ஞானசௌந்தரியாகவும், டி. ஆர். மகாலிங்கம் இளவரசனாகவும் நடித்த படம் அது. எஸ். வி. வெங்கட்ராமன் இசையமைத்தார். அதே ஆண்டில் ஜெமினி நிறுவனத்தாரும் இக்கதையைப் படமாக்கினர். எனினும் மக்கள் உள்ளத்தில் நிலைத்தது சிட்டாடல் படமே. தேவமாதாவை வேண்டி அதில் பாடப்படும் பாட்டினை, படத்தைப் பார்த்திராத பலரும் அறிவர். சிறுமியின் குரலில் ஜிக்கி தொடங்க, வளர்ந்த மங்கையின் குரலில் பி. ஏ. பெரியநாயகி தொடர்வார். ஒரே வேண்டுதலுக்குள் ஓர் இளமைப் பருவமே கடந்துவிடுகிறது.

கதை பழமையானது. ஐரோப்பிய நாடுகளில் வழங்கிய கையற்ற பெண்ணின் கதையைக் கிரிம் சகோதரர்கள் தங்கள் தொகுப்பிற் சேர்த்திருக்கின்றனர். நம் நாட்டிலோ, படம் எடுப்பதற்கு நெடுங்காலம் முன்பே, யாழ்ப்பாணம், மன்னார்ப் பகுதிகளின் கத்தோலிக்க ஊர்களில் ஞானசௌந்தரி நாட்டுக்கூத்தாக ஆடப்பட்டு வந்தது. மாற்றாந்தாயின் பொறாமைக்கு ஆளான அரசகுமாரி காட்டில் கைகள் வெட்டப்பட்டுக் கைவிடப்படுகிறாள். அவளைக் கண்ட அயல்நாட்டு இளவரசன் மணம் புரிகிறான். அவன் போருக்குச் சென்ற வேளையில், பொய்க் கடிதத்தின் சூழ்ச்சியால் அவள் மீண்டும் காட்டுக்குத் துரத்தப்படுகிறாள். பெற்ற மகவை அணைக்கவும் கையில்லாத அத்தாய்க்குத் தேவமாதாவின் அருளாற் கைகள் மீண்டும் வாய்க்கின்றன. பிரிந்தவர் கூடுகின்றனர்.

இக்கதையின் பாடம் யாது? செபித்தாள், பெற்றாள். ஆகவே நாமும் செபித்தாற் பெறுவோம். இவ்வாறு கூறிவிடுவது எளிது. பலரும் அவ்வாறே கூறினர். ஆனால், கிண்ணியாவின் கடற்கரையில் நின்று அதனைக் கூற எனக்கு நா எழவில்லை.

கிண்ணியா திருகோணமலைத் துறைமுகத்தின் அயலே, முஸ்லிம் மக்கள் பெருந்தொகையினராக வாழும் ஊர். 2004ஆம் ஆண்டு டிசெம்பர் 26ஆம் நாள், நத்தாருக்கு மறுநாளாகிய ஞாயிற்றுக்கிழமை காலை, ஆழிப்பேரலை இவ்வூரின்மேற் பாய்ந்தது. நோயாளரைக் காக்கும் வைத்தியசாலையும் தப்பவில்லை. கிழக்குக் கரை எங்கணும் பள்ளிவாசலில் தொழுதோரும், கோயிலில் வணங்கினோரும், முதல்நாள் பாலன் பிறப்பைக் கொண்டாடினோரும் மாண்டனர். அவ்வாறே தொழுதோரும் வணங்கினோரும் கொண்டாடினோரும் பிழைத்தனர். மாண்டவர் வேண்டுதலிற் குறைந்தவர் என்று நெஞ்சறிந்த எவரும் சொல்லார். போர்க் காலத்திற் கைகால்களை இழந்தோரும் இம்மாவட்டத்தில் உள்ளனர். அவர்கள் கைகள் மீண்டும் முளைத்ததில்லை. அவர்களிடம் ஞானசௌந்தரியின் கதையைச் சொல்லி, ‘நீர் போதிய அளவு விசுவாசிக்கவில்லை’ என்று கூறுவது விசுவாசமாகாது, கொடுமையாகும்.

அங்ஙனமாயின் கதையைத் தள்ளிவிடுவதா? வேண்டியதில்லை. அதனைச் சற்று நிதானமாக நோக்க வேண்டும்.

அற்புதம் நிகழ்வது கதையின் இறுதிப் பகுதியில். அதுவரை கையற்ற பெண் எவ்வாறு உயிர் வாழ்ந்தாள்? உண்ண ஒரு கை வேண்டும். உடுத்த ஒரு கை வேண்டும். கண்ணீர் துடைக்கவும் ஒரு கை வேண்டும். அவை யாவும் பிறர் கைகள். இளவரசன் அவளைக் கண்டபோது, கைகள் வளரட்டும், பின்பு மணப்பேன் என்று காத்திருக்கவில்லை. குறையோடு இருந்தவளையே ஏற்றுக்கொண்டான். வானத்தின் அருள் முதன்முதலில் வந்தது மனிதர் வடிவில் என்பதை நாம் கவனியாது விட்டுவிடுகிறோம்.

முன்னர் நான் குறிப்பிட்ட அமெரிக்கப் படத்திலும் இவ்வுண்மையே விளங்குகிறது. எண்ணாயிரம் டொலர் காணாமற்போனமையால் மனமுடைந்து, பாலத்தின்மீது நின்று உயிரை விட எண்ணும் ஒருவனிடம் தேவதூதன் வருகிறான். அவன் பணமூட்டை கொண்டுவரவில்லை. நீரிற் குதித்து, தன்னைக் காப்பாற்றும் வேலையை அவனுக்கே கொடுக்கிறான். பிறரைக் காக்க முற்பட்டவன் தன்னுயிரை மறந்து பிழைக்கிறான். கடனைத் தீர்ப்போர் அயலவர். பணத்தை மறைத்துவைத்த செல்வனோ இறுதிவரை தண்டனை அடைவதில்லை. எல்லாக் கணக்கும் இவ்வுலகிலேயே தீர்ந்துவிடும் என்று அப்படம் நமக்குப் பொய்யுறுதி அளிக்கவில்லை.

கிறிஸ்தவ சமயத்தின் நடுநிலையில் நிற்பதும், கேட்டவாறு கிடையாத ஒரு வேண்டுதலே அன்றோ? கெத்செமனித் தோட்டத்தில் இயேசுநாதர் துன்பப் பாத்திரம் தம்மைவிட்டு அகலுமாறு மன்றாடினார். அது அகலவில்லை. உயிர்த்தெழுந்து சீடர்முன் தோன்றியபோதும் அவர் கைகளில் ஆணித் தழும்புகள் இருந்தன. தோமையாருக்கு அவற்றையே காட்டினார். ஞானசௌந்தரியின் கைகள் வடுவின்றித் திரும்பின. ஆண்டவரின் கைகளோ வடுவோடு திரும்பின. இழப்பை எய்திய நம்மனோர்க்கு அவ்விரண்டாவது செய்தியே நெருங்கியது. காயம் மறைவதே அருள் என்பதில்லை. காயத்தோடும் ஒருவர் பிறருக்குப் பயன்பட எழுதலும் அருளே.

இப்பாடம் கிறிஸ்தவருக்கு மட்டும் உரியதன்று. திருக்குர்ஆனின் 19ஆம் அத்தியாயம் மர்யம் அம்மையாரின் பெயரைத் தாங்கியுள்ளது. ஆதலின் அவ்வன்னையின் நாமம் கிண்ணியா மக்களுக்குப் புதிதன்று. 2021 நவம்பரிற் குறிஞ்சாக்கேணியில் படகுப்பாதை கவிழ்ந்து பள்ளிச் சிறாரும் உயிரிழந்த துயர நாளில், ஊரவரும் கடற்படையினரும் மீட்புப் பணியில் இறங்கினர். நீரில் நீண்ட அக்கைகள் மூழ்குவோரின் சமயத்தை வினவவில்லை.

ஆகவே, நேயர்களே, பண்டிகை நாட்களில் ‘ஞானசௌந்தரி’யைக் குடும்பத்தோடு காண வாய்ப்பு நேர்ந்தால், கைகள் திரும்பும் காட்சியிற் சிறுவர் வியப்பது இயல்பு, வியக்கட்டும். படம் முடிந்தபின் அவர்களிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: கைகள் வருமுன் அவளுக்குச் சோறூட்டியவர் யார்? அதற்கு விடை தேடும் பிள்ளை, கையிழந்த அயலவரைக் காணும்போது அற்புதத்திற்காகக் காத்திராது தன் கையை நீட்டும். விசுவாசத்தின் தொடக்கம் அதுவேயாகும்.