வரிப் பாக்கி கேட்க வருகிறவரிடம் நாம் கேட்க வேண்டியது

(கெலவரப்பள்ளி அணைப் பகுதி விவசாயிகள் கூட்டத்தில் சங்கச் செயலாளர் பேசியது)



இன்றைக்கும் அணையில் பொங்குகிற நுரையைப் பற்றித்தான் பேசுவேன் என்று நினைத்து வந்திருப்பீர்கள். அதை விடப்போவதில்லை. ஆனால் பத்து நாளாகச் சங்கத்துக்கு வருகிறவர்கள் எல்லாரும் கையில் ஒரே மாதிரி காகிதத்தோடு வருகிறார்கள். வீட்டு வரிப் பாக்கி. சிலருக்கு மூன்று வருஷம், சிலருக்கு எட்டு வருஷம். அதனால் இன்று அதைப் பேசிவிடுவோம்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்கிறேன். வரி கட்டாதே என்று இந்தச் சங்கம் சொல்லவில்லை. தெரு விளக்கும் குடிதண்ணீரும் அந்தக் காசில்தான் ஓடுகிறது. இது வரி கட்டிப் பழகிய மண். 1792இல் பாராமகால் கம்பெனி கைக்குப் போனதும் ரீடும் மன்றோவும் ரயத்துவாரி முறையை ஆரம்பித்துப் பார்த்ததே நம்ம கிருஷ்ணகிரி, தர்மபுரிப் பக்கம்தான். நடுவில் ஆள் இல்லாமல் ரயத்து நேரே சர்க்காருக்குக் கட்ட வேண்டும், அதற்குக் கணக்கு இருக்க வேண்டும் என்பது அன்றைக்கே வந்த பேச்சு. இத்தனை வருஷம் கழித்தும் நாம் கேட்பது அந்தக் கணக்கைத்தான்.

என் கதையையே சொல்கிறேன். எங்கப்பா பேரில் இருந்த வீட்டுக்கு வருஷா வருஷம் வரி கட்டினோம். வசூலுக்கு வந்தவர் பணத்தை வாங்கி ஒரு சின்ன நோட்டில் எழுதிக்கொள்வார். ரசீது கேட்டால், "புக்கு முடிஞ்சிடுச்சுண்ணா, அடுத்த வாட்டி தர்றேன்" என்பார். தெரிந்த மனுஷன், நாமும் விட்டுவிட்டோம். அப்பா காலமான பிறகு மின் இணைப்பைப் பெயர் மாற்ற வரி ரசீது கேட்டார்கள். ஊராட்சியில் போய்ப் பார்த்தால் ஒன்பது வருஷம் பாக்கி என்று இருக்கிறது! எந்த ஊராட்சி, யார் அந்த ஆள் என்று சொல்லப்போவதில்லை. ரெண்டாம் தடவை கட்டினேன். படித்தவன், சங்கத்தில் இருக்கிறவன், எனக்கே இந்தக் கதி. ராகிக் களத்தில் நிற்கிற நம்ம பாட்டிக்கு என்ன கதி?

பாக்கி என்றால் அதை வசூல் செய்ய சட்டத்தில் வழி இருக்கிறது. கேட்பு நோட்டீஸ் கொடுக்க வேண்டும். கட்டுவதற்கு அவகாசம் தர வேண்டும். அதற்கும் பிறகுதான் ஜப்தி, வழக்கு எல்லாம். நீதிமன்றக் கடன் தீர்ப்புக்கு ஜப்தி செய்தாலும், சிவில் நடைமுறைச் சட்டம் 60ஆம் பிரிவுப்படி கட்டின துணி, சமையல் பாத்திரம், விவசாயியின் ஏர், உழவு மாடு, விதை நெல் இவற்றைத் தொடக்கூடாது. ஆனால் நடப்பது என்ன? நோட்டீஸ் வருகிறதோ இல்லையோ, குழாயைப் பிடுங்குகிறேன் என்கிற மிரட்டல் முதலில் வருகிறது. பையனுக்கு ஒரு சான்று வேண்டும் என்று போனால், "பாக்கியைக் கட்டிட்டு வா" என்கிறார்கள்.

அவமானப்படுத்தி வசூல் செய்வது இன்றைக்கு நேற்றைக்கு வந்ததில்லை. 2006இல் பீகாரில் பட்னா மாநகராட்சி, வரி கட்டாத கடைக்காரர் வாசலில் திருநங்கைகளைக் கூட்டிவந்து பாடவைத்து வசூல் செய்தது. அந்தத் திருநங்கைகளை நான் குறை சொல்லவில்லை, அது அவர்களுக்கு ஒரு கூலி வேலை. அவர்களையும் கேவலப்படுத்தி, வரி கட்டாதவனையும் கேவலப்படுத்தலாம் என்று யோசித்தானே ஒருத்தன், அவனைத்தான் சொல்ல வேண்டும்.

எல்லைக்கு அந்தப்பக்கம் நடந்தது நம்மில் வயதானவர்களுக்கு ஞாபகம் இருக்கும். மலப்பிரபா அணைப் பாசனத்துக்கு அபிவிருத்தி வரி என்று ஒன்று போட்டார்கள். தண்ணீர் ஒழுங்காகப் போய்ச் சேராத நிலத்துக்கும், நீர் தேங்கிக் கெட்டுப்போன நிலத்துக்கும் சேர்த்துக் கேட்டார்கள். நரகுந்து, நவல்குந்து விவசாயிகள் தாலுகா ஆபீசுக்கு முன்னால் திரண்டார்கள். 1980 ஜூலை 21இல் துப்பாக்கிச் சூடு, விவசாயிகள் செத்தார்கள். மாநிலமே எழுந்தது. அந்த வருஷமே கர்நாடக ராஜ்ய ரைத சங்கம் பிறந்தது. பிறகு நஞ்சுண்டசுவாமி காலத்தில், அனுமதி இல்லாமல் வசூல் அதிகாரி ஊருக்குள் வரக்கூடாது என்று ஊர் எல்லையில் பலகை வைத்தார்கள். 1983 தேர்தலில் குண்டுராவ் ஆட்சி போனது. அணைக்குக் கீழே இருக்கிற நமக்கு இந்தக் கதையைப் பிரித்துச் சொல்ல வேண்டியதில்லை.

இன்னொரு பயம் மாநகராட்சி. ஓசூர் 2019இல் மாநகராட்சி ஆனதிலிருந்து சுற்றியுள்ள ஊராட்சிகளைச் சேர்க்கும் பேச்சு ஓயவில்லை. சேர்ந்தால் என்ன வரி? 2022இல் நகர்ப்புறச் சொத்து வரியை ஏற்றினார்களே, 15ஆவது நிதிக்குழு மானியம் வேண்டுமானால் ஏற்றத்தான் வேண்டும் என்றார்கள். சென்னை தவிர்த்த மாநகராட்சிகளில் 600 சதுர அடி வரை உள்ள வீட்டுக்கு 25 சதம், 1,200 வரை 50, 1,800 வரை 75, அதற்கு மேல் 100 சதம். தொழிற்சாலைக்கு எவ்வளவு தெரியுமா? 75 சதம். நம்ம வீடுகளைப் பாருங்கள். அண்ணன் தம்பி மூன்று குடும்பம், ராகி மூட்டை போட ஒரு அறை, மாடு கட்ட ஒரு தாழ்வாரம். அளந்தால் 1,800 தாண்டிவிடும். பங்களா கணக்கில் சேர்த்துவிடுவார்கள். 2024 அக்டோபரில் 6 சதம் ஏற்றம் வேறு.

2025 ஜனவரி 5இல் நம்ம மாவட்டத்து ஊராட்சித் தலைவர்கள் பதவிக்காலம் முடிந்து, தனி அலுவலர் கைக்கு நிர்வாகம் போனது. கேள்வி கேட்க ஒரு தலைவர்கூட இல்லாத நேரத்தில்தானா பழைய பாக்கியெல்லாம் ஞாபகம் வர வேண்டும்?

ஆகவே சங்கத்தின் முடிவு இது. ரசீது இல்லாமல் ஒரு பைசா தரக்கூடாது. ஊராட்சி வரியை 2023 முதல் இணையத்திலேயே கட்டலாம். பிள்ளைகள் போனில் கட்டி, ரசீதை அச்செடுத்து வையுங்கள். பாக்கி என்று சொன்னால் எந்த வருஷம், எவ்வளவு, எந்த அளவு வைத்துப் போட்டது என்று எழுத்தில் கேளுங்கள். தரவில்லையா, தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டி வரிக் கேட்புப் பதிவேட்டின் நகலை வாங்குங்கள். கிராம சபையில் பாக்கிப் பட்டியலை முழுசாக வாசிக்கச் சொல்லுங்கள், பெரிய கட்டடம், கம்பெனி, குடோன், லேஅவுட் எல்லாம் சேர்த்து. சின்னவன் பேர் மட்டும் வாசித்தால் நிறுத்தச் சொல்லுங்கள். பயிர் நிற்கிற நிலத்தைக் காலிமனை என்றோ, மோட்டார் ரூமை, மாட்டுக்கொட்டகையை வீடு என்றோ எழுதியிருந்தால் அன்றே ஆட்சேபனை கொடுங்கள். முடியாதவர்களுக்குத் தவணை கேட்போம். நோட்டீஸ் இல்லாமல் குழாயில் கை வைத்தால் சங்கத்துக்குச் சொல்லுங்கள், அந்த வீட்டு வாசலில் நாங்கள் எல்லாரும் வந்து உட்காருவோம்.

வருகிற திங்கட்கிழமை கலெக்டர் ஆபீசில் மனு நாள். காலை ஒன்பது மணிக்கு அணைக் கரையில் வண்டி நிற்கும். வீட்டில் இருக்கிற பழைய ரசீது, கிழிந்தது, எலி கடித்தது எதுவாக இருந்தாலும் எடுத்துக்கொண்டு வாருங்கள். ரசீது இல்லாதவர்களும் வாருங்கள், யாரிடம் கட்டினீர்கள் என்பதை அங்கேயே எழுதிக்கொள்வோம்.