மறைந்த பாதையை மீண்டும் அமைத்தல்
(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



மோட்டார் பந்தயத்துக்கும் தமிழ்ச் சங்கத்துக்கும் என்ன தொடர்பு என்று சிலர் வியக்கக்கூடும். பழைமையைக் காக்க விழைவோர் அதன் குறைகளையும் காக்க வேண்டுமா என்னும் வினா நமக்கும் உரியதே. ஆதலின் இப்பொருளைத் தேர்ந்தேன்.

பெல்ஜியம் நாட்டு ஆர்டென் மலைக்காட்டில் ஸ்பா-பிராங்கோர்ஷாம் என்னும் பந்தயப் பாதை உள்ளது. இன்று அதன் நீளம் ஏறத்தாழ 7 கிலோமீட்டர். பழைய பாதையோ 14 கிலோமீட்டர். பிராங்கோர்ஷாம், மால்மெடி, ஸ்டாவ்லோ ஆகிய ஊர்களை இணைத்த பொதுச் சாலைகளே பந்தய நாளில் ஓட்டக்களமாயின. மாஸ்டா என்னும் சிற்றூரில், வீடுகளுக்கிடையே, பெருவேகத்தில் வரும் கார் இடமும் வலமுமாக வளைந்து செல்ல வேண்டும். பார்முலா ஒன் பந்தயம் அப்பழைய பாதையில் 1970-இல் இறுதியாக நடைபெற்றது. 1979-இல் பாதை சுருக்கப்பட்டது.

அமெரிக்காவின் பாபிரஸ் நிறுவனத்தார் 1998-இல் 'கிராண்ட் பிரீ லெஜண்ட்ஸ்' என்னும் கணினி விளையாட்டில் 1967-ஆம் ஆண்டின் பாதையை மீண்டும் அமைத்தனர். அதன்பின் ஆர்வலர் பலர் ஊதியம் கருதாது வேறு பல பழம்பாதைகளையும் உருவாக்கினர். இது வெறும் படம் வரையும் வேலையன்று. வரைபடத்தின் உயரக்கோடுகள், பழைய புகைப்படங்கள், திரைப்படச் சுருள்கள் ஆகியவற்றை ஒப்பிட்டு, சாலையின் ஏற்றம், சரிவு, அகலம் ஆகியவற்றைக் கணிக்க வேண்டும். சக்கரம் சாலையைப் பற்றும் வலுவைக் கணினி விநாடிக்குப் பன்னூறு முறை கணக்கிடுகிறது; சாய்வு சிறிது பிழைத்தாலும் அவ்வளைவு வேறொரு வளைவாகிவிடும்.

இனி வினாவுக்கு வருவோம். அன்று அச்சாலையோரத்தில் பெரும்பாலும் தடுப்புகள் இல்லை. தந்திக் கம்பங்களும் வீட்டுச் சுவர்களுமே இருந்தன. 1960-ஆம் ஆண்டுப் பந்தயத்தில் கிறிஸ் பிரிஸ்டோ, ஆலன் ஸ்டேசி என்னும் இரு வீரர்கள் அங்கே உயிரிழந்தனர். 1966-இல் மழையில் சறுக்கி விழுந்த ஜாக்கி ஸ்டூவர்ட், பெட்ரோலில் நனைந்தபடி நொறுங்கிய காருக்குள் ஏறத்தாழ 25 நிமிடம் சிக்கிக் கிடந்தார். உடன் ஓட்டிய கிரஹாம் ஹில்லும் பாப் பாண்டுரன்ட்டும், பார்வையாளர் ஒருவரிடம் கடன் வாங்கிய ஸ்பானரைக் கொண்டு அவரை மீட்டனர். அதன்பின் ஸ்டூவர்ட் பந்தயப் பாதுகாப்புக்காக ஓயாது போராடினார். பலருடைய பகையையும் தேடிக்கொண்டார்.

இக்கம்பங்களை நீக்கி, அழகிய காட்டையும் விரைந்த சாலையையும் மட்டும் காட்டினால், ஸ்டூவர்ட் எதற்காகப் போராடினார் என்பது இளைஞருக்கு விளங்காது. அவரைக் கோழை என்றவர்களே சரியெனத் தோன்றும். கம்பத்தைக் கம்பமாகவே நிறுத்தியவர்தாம் மாண்டவர்க்கும் மீண்டவர்க்கும் நீதி செய்தவராவர். திரையில் மோதுபவர்க்கு உயிர்ச்சேதம் இல்லை. ஆயினும் அன்று மோதியவர்க்கு என்ன நேர்ந்திருக்கும் என்பதை அவர் உணர்வார்.

நம் முன்னோர் வாழ்வை நம் பிள்ளைகளுக்கு எடுத்துரைக்கும்போதும், பெருமையோடு சிறுமையையும் மறையாது சொல்வோமாக.