கடைசிப் பக்கத்தில் ஒரு பதில்

டீட்டிகோனிலிருந்து பேசுகிறேன். மர்மக் கதைகளை ஏன் விரும்பி வாசிக்கிறோம், சிலர் ஏன் விரும்பி எழுதுகிறார்கள் என்பதுதான் இன்றைய தலைப்பு.

ஊரில் எங்கள் வீட்டில் சுஜாதாவின் கணேஷ், வசந்த் கதைகளும் ராஜேஷ்குமாரின் நாவல்களும் கைமாறிக் கைமாறி அட்டை கிழிந்து கிடக்கும். வெறும் பொழுதுபோக்கு என்று பெரியவர்கள் சொல்வார்கள். பிறகு அவர்களும் எடுத்து வாசிப்பார்கள். புதிர் அவிழ்வது மட்டுமே இன்பம் என்றால் குறுக்கெழுத்துப் போட்டி போதுமே! மர்மக் கதையில் பெரும்பாலும் ஓர் உயிர் போயிருக்கும். அதற்குக் கணக்குக் கேட்க ஒருவர் வருவார். கடைசிப் பக்கத்துக்குள் பதில் வந்துவிடும் என்று கதை நமக்கு வாக்குத் தருகிறது. நம்மை இழுப்பது அந்த வாக்குத்தான்.

எழுதுபவரின் இன்பம் வேறு. அவருக்குப் பதில் முன்பே தெரியும். தடயங்களை வாசகரின் கண்முன்னே வைத்துக்கொண்டே அவர் மறைக்க வேண்டும். வாசகரை ஏமாற்றலாம், பொய் சொல்லக் கூடாது. இது கடினமான விளையாட்டு.

அந்த வாக்கையே கேள்வி கேட்டவர் இந்த நாட்டின் எழுத்தாளர் ஃபிரீட்ரிக் டியூரன்மாட். 1958இல் வந்த ஒரு திரைப்படத்துக்கு அவர் கதை எழுதினார். அதில் சிறுமியைக் கொன்றவன் அகப்படுகிறான். அந்த முடிவு அவருக்கு ஒப்பவில்லை. அதே ஆண்டில் ‘வாக்குறுதி’ என்ற நாவலாக அதை மாற்றி எழுதினார். சூரிச் பொலிஸ் அதிகாரி மத்தேயி, கொலையாளியைக் கண்டுபிடிப்பதாகச் சிறுமியின் தாய்க்கு வாக்குக் கொடுக்கிறார். அவருடைய ஊகம் சரி, விரித்த வலையும் சரி. ஆனால் வந்துகொண்டிருந்த கொலையாளி வழியில் வாகன விபத்தில் இறந்துவிடுகிறான். அது தெரியாமல் மத்தேயி ஒரு பெற்றோல் நிலையத்தில் காத்திருந்தே சிதைந்துபோகிறார்.

இதை வாசித்தபோது எனக்குக் கிளிநொச்சிதான் நினைவுக்கு வந்தது. 2017 பெப்ரவரி 20 அன்று காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் அங்கே தெருவோரத்தில் அமர்ந்தார்கள். பிள்ளைகள் எங்கே என்பது ஒன்றுதான் கேள்வி. பதில் கிடைக்காமலேயே எத்தனையோ தாய்மார் கண்மூடிவிட்டார்கள்.

இப்படி ஒரு சமூகம் மர்மக் கதை வாசிப்பது தப்பியோடுவது அல்லவா என்று சிலர் கேட்கலாம். நான் அப்படி நினைக்கவில்லை. யார் செய்தது, எங்கே, எப்போது, கடைசியாகக் கண்டவர் யார் என்று விடாமல் கேட்கும் பழக்கத்தை அந்தக் கதைகள் நமக்குள் உயிரோடு வைத்திருக்கின்றன. ‘நடந்தது நடந்துவிட்டது, மறந்துவிடுங்கள்’ என்று முடியும் மர்மக் கதையை எந்த வாசகரும் ஏற்கமாட்டார். வாழ்க்கையிலும் நாம் ஏற்க வேண்டியதில்லை.

நம்மில் எழுதுபவர்களிடம் ஒரு வேண்டுகோள். பதில் கிடைத்த கதைகளை எழுதுங்கள், நாங்கள் ஆசையோடு வாசிப்போம். காத்திருப்பவர்களின் கதையையும் எழுதுங்கள். அதில் கடைசிப் பக்கம் வெறுமையாக இருந்தாலும் பரவாயில்லை, கேள்வி மட்டும் தெளிவாக இருக்கட்டும்.

இனி உங்கள் கேள்விகள்.