பௌதிகமா, வான நூலா? நம் பிள்ளைகள் எந்தப் பட்டம் படிப்பது?

(கிளைச் சங்கத்தின் கல்விக் கூட்டத்தில், கிராணிமார் சார்பில் நிகழ்த்திய உரை)



சங்கக் கூட்டம் என்றால் சம்பளம், நிரை, மழை நாள் கூலி என்று பேசித்தான் நமக்குப் பழக்கம். இன்று நட்சத்திரத்தைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். பின் வரிசையில் சிலர் சிரிப்பது தெரிகிறது. சிரியுங்கள், ஆனால் எழுந்து போய்விடாதீர்கள். விஷயம் நம் லயத்திலேயே முளைத்தது.

மூன்று வாரத்துக்கு முன், பால் வெட்டும் தோழர் ஒருவர் ஒரு தாளோடு ஆபீசுக்கு வந்தார். அவர் மகள் மூன்றாம் படிவத்தில் படிக்கிறாள். அடுத்த ஆண்டு நாலாம் படிவத்தில் எந்தெந்தப் பாடம் எடுப்பது என்று பெற்றோர் கையெழுத்திட்டுக் கொடுக்க வேண்டிய தாள் அது. பௌதிகம், இரசாயனம், கூடுதல் கணிதம் என்று அந்தப் பெண் குறியிட்டிருக்கிறாள். பிற்காலத்தில் என்னவாக விருப்பம் என்ற இடத்தில் 'வான நூல் ஆராய்ச்சி' என்று எழுதியிருக்கிறாள். "ஐயா, இது என்ன, ஜாதகம் பாக்கிற படிப்பா? அதுக்கு நம்ம கோயில் பூசாரியே போதுமே" என்றார் தோழர். பிறகு குரலைத் தாழ்த்தி, "வானத்தைப் பாக்கிறதுக்கு எவன் ஐயா சம்பளம் கொடுப்பான்?" என்று கேட்டார்.

முதல் கேள்விக்கு உடனே பதில் சொன்னோம். ஜாதகம் வேறு, வான நூல் வேறு. நட்சத்திரம் எதனால் எரிகிறது, எவ்வளவு தூரத்தில் இருக்கிறது, எப்போது அணையும் என்று அளந்து கணக்கிடுவது வான நூல். அது யாருக்கும் கல்யாணப் பொருத்தம் பார்த்துச் சொல்லாது. இரண்டாவது கேள்விக்கு எங்களிடம் பதில் இல்லை. "அண்ணே, தாளை இங்கேயே வையுங்கள், விசாரித்துச் சொல்கிறோம்" என்றோம். கிராணிமார் மூவர் கூடி விசாரித்தோம், படித்தோம், பட்டணத்தில் படித்தவர்களைக் கேட்டோம். தெரிந்துகொண்டதை அந்தத் தோழருக்கு மட்டும் சொல்வானேன், எல்லாருக்கும் சொல்வோம் என்றுதான் இந்தக் கூட்டம்.

பௌதிகம் என்பதை இப்போது பள்ளிப் புத்தகங்களில் இயற்பியல் என்று எழுதுகிறார்கள். பேர்தான் வேறு, பொருள் ஒன்று. அது நமக்குத் தெரியாத பொருளும் அல்ல. விடியுமுன்னே தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு ஏன் மரம் வெட்டப் போகிறோம்? துரை சொன்னார், மண்டோர் சொன்னார் என்பது பாதி பதில். இரவில் மரத்துக்குள் நீர் நிறைந்து, பால் குழாய்களில் அழுத்தம் கூடியிருக்கிறது. வெயில் ஏற ஏற இலை வழியே நீர் ஆவியாகிப் போகிறது, அழுத்தம் தணிகிறது, பால் ஓட்டம் குறைகிறது. அழுத்தத்தின் கணக்கு பௌதிகம். ஸ்டோரில் பாலில் மெட்ரோலாக் மிதவையைப் போடுகிறோமே, அதுவும் பௌதிகந்தான். ரப்பர் தண்ணீரைவிட இலேசு. பாலில் ரப்பர் கூடினால் மிதவை ஆழமாக இறங்கும். தண்ணீர் கூடினால் மேலே ஏறும். பாலில் தண்ணீர் கலந்தவனை மிதவை காட்டிக் கொடுக்கும் என்பது நமக்குத் தெரியும். அதே மிதவையின் விதியைக் கடலுக்கும், காற்று மண்டலத்துக்கும், சூரியனுக்கும் கொண்டுபோவதுதான் பல்கலைக்கழகப் படிப்பு.

இனிப் பட்டங்களைப் பற்றி. வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களின் பட்டியலைப் பிரித்தால் தலை சுற்றுகிறது. பௌதிகம் என்று ஒரு பட்டம்; வான பௌதிகத்தோடு பௌதிகம் என்று ஒன்று; வான பௌதிகம் என்றே ஒன்று; வான நூல் என்று இன்னொன்று. எது உயர்வு, எது தாழ்வு என்று நாங்களும் குழம்பினோம். உள்ளே புகுந்து பாடங்களைப் பார்த்தபோது குழப்பம் தீர்ந்தது. முதல் இரண்டு ஆண்டுகளில் பெரும்பாலும் ஒரே படிப்பு: இயக்கம், வெப்பம், மின்சாரமும் காந்தமும், ஒளி, அணுவுக்குள் நடக்கும் காரியங்கள், இவை எல்லாவற்றுக்கும் அடியில் கணிதம், கணிதம், மேலும் கணிதம். பிந்திய ஆண்டுகளில்தான் கிளை பிரிகிறது. வான பௌதிகம் எடுத்தவர் நட்சத்திரங்களின் பிறப்பு இறப்பு, பால்வீதிகள், பிரபஞ்சத்தின் விரிவு என்று சில பாடங்கள் கூடுதலாகப் படிக்கிறார். தொலைநோக்கியில் பயிற்சி பெறுகிறார். வெறும் பௌதிகம் எடுத்தவரும் அவற்றில் சிலவற்றை விருப்பப் பாடமாக எடுத்துக்கொள்ளலாம். ஆகவே பட்டத்தின் பேரில் 'வான' என்ற சொல் இல்லாததால் வானத்துக்கு வழி அடைபட்டுவிடாது. பௌதிகம் நன்றாகப் படித்தவருக்கு மேற்படிப்பில் வான நூல் திறந்தே இருக்கிறது.

இதற்குச் சாட்சி வேண்டுமானால் ஜோசலின் பெல் பர்னெல் என்ற அம்மையாரைச் சொல்லலாம். 1943இல் வட அயர்லாந்தில் பிறந்தவர். பதினொரு வயதுப் பிள்ளைகளுக்கு வைக்கும் தேர்வில் தேறவில்லை. அவர் படித்த பள்ளியில் ஆண் பிள்ளைகளை விஞ்ஞான வகுப்புக்கும், பெண் பிள்ளைகளைச் சமையல் வகுப்புக்கும் அனுப்பினார்கள். பெற்றோர் போய் முறையிட்ட பிறகுதான் விஞ்ஞான வகுப்பில் இடம் கிடைத்தது. தாய்மார்கள் இதைக் கவனிக்க வேண்டும். பெற்றோர் அன்று வாய் திறக்காமல் இருந்திருந்தால் கதை சமையலறையிலேயே முடிந்திருக்கும். 1965இல் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றார். வான நூல் பட்டம் அல்ல, பௌதிகப் பட்டம். ஆனர்ஸ் வகுப்பில் அவர் ஒருவர்தான் பெண். உள்ளே நுழையும்போதெல்லாம் ஆண்கள் காலைத் தட்டி, சீழ்க்கை அடித்துக் கேலி செய்தார்கள் என்று அவரே பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார்.

பிறகு கேம்பிரிட்ஜுக்கு மேற்படிப்புக்குப் போனார். அங்கே நாலரை ஏக்கர் நிலத்தில் கம்பம் நட்டு, கம்பி இழுத்து, ஒரு ரேடியோ தொலைநோக்கி கட்டினார்கள். நாலரை ஏக்கர் என்றால், ஏறக்குறைய நம்மில் ஒருவர் ஒரு காலையில் வெட்டும் நிரையின் அளவு. இந்த அம்மையாரும் சம்மட்டி பிடித்து வேலை செய்தவர். 1967இல், அந்தக் கருவி கக்கிய காகிதச் சுருளை அங்குலம் அங்குலமாகப் பார்த்துக்கொண்டிருந்தபோது ஒரு சின்னக் கீறல் கண்ணில் பட்டது. சுமார் 1.3 விநாடிக்கு ஒருமுறை, தவறாமல் துடிக்கும் நட்சத்திரம். பல்சார் என்று அதற்குப் பேர் வைத்தார்கள். 1974இல் அதற்காக நோபல் பரிசு தரப்பட்டபோது அவருடைய ஆசிரியருக்குத்தான் கிடைத்தது. கண்டுபிடித்த மாணவிக்கு இல்லை. வேலை செய்தது யார், பேர் வாங்கியது யார் என்ற வழக்கு தோட்டத்தில் மட்டும் நடப்பதல்ல என்று தெரிகிறது. 2018இல் வேறொரு பெரிய பரிசாக 30 இலட்சம் அமெரிக்க டாலர் அவருக்கு வந்தது. முழுவதையும், பௌதிக ஆராய்ச்சியில் இடம் கிடைக்காமல் ஒதுங்கி நிற்கும் பிரிவினரின் பிள்ளைகள் படிக்க உபகாரச் சம்பளமாகக் கொடுத்துவிட்டார்.

நம் இனத்திலும் உதாரணம் உண்டு. சுப்பிரமணியன் சந்திரசேகர் 1930இல் சென்னை மாநிலக் கல்லூரியில் பெற்றதும் பௌதிகப் பட்டந்தான். உபகாரச் சம்பளம் பெற்று இங்கிலாந்துக்குக் கப்பலில் போகும்போதே, சுருங்கிச் சாகும் நட்சத்திரம் எவ்வளவு எடை வரை தாங்கும் என்று கணக்குப் போடத் தொடங்கினார். சூரியனைப்போல் சுமார் 1.4 மடங்கு என்பது விடை. 1983இல் நோபல் பரிசு வந்தது. அவர் வீடு வசதியான வீடு என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. அவருடைய சித்தப்பா சர் சி. வி. ராமன், கல்கத்தாவில் நிதி இலாகாவில் கணக்கு உத்தியோகம் பார்த்துக்கொண்டே, ஆபீஸ் நேரம் போக மற்ற நேரத்தில் ஆராய்ச்சி செய்தவர். கிராணிமார்களே, நமக்கு ஆறு மணிக்கு மேல் என்ன வேலை என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

சரி, பணத்துக்கு வருவோம். இங்கிலாந்தில் பட்டப்படிப்பு மூன்று ஆண்டு. முதுநிலையும் சேர்ந்ததானால் நான்கு. ஸ்காட்லாந்தில் ஓராண்டு கூடுதல். வெளிநாட்டு மாணவரிடம் ஆண்டுக்கு 20,000 பவுனுக்கு மேல் கேட்கும் இடங்கள் பல. முழு உபகாரச் சம்பளம் இல்லாமல் அந்தப் பக்கம் திரும்ப வேண்டாம். வீட்டை விற்கலாம் என்றால் லயம் நம்முடையதல்ல. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் பௌதிகம் நான்கு ஆண்டு ஆனர்ஸ் படிப்பு. கட்டணத்தில் அந்த அரசாங்கம் ஒரு பகுதியை ஏற்கும். பதிலுக்குப் படித்து முடித்ததும் அங்கே மூன்று ஆண்டு வேலை செய்ய ஒப்பந்தம் எழுதிக் கொடுக்க வேண்டும். ஒப்பந்தம் என்ற சொல்லைக் கேட்டதும் நம் தாத்தாக்கள் ஞாபகம் வருகிறது. இது அந்த ஒப்பந்தம் அல்ல. ஆனாலும் படித்துப் பார்த்த பிறகே கையெழுத்துப் போடுங்கள்.

நம் கைக்கு எட்டுவது உள்ளூர்தான். மலாயாப் பல்கலைக்கழகத்தில் பௌதிகப் பட்டம் இருக்கிறது. பினாங்கில் சயின்ஸ் பல்கலைக்கழகத்தில் பௌதிகமும், அதோடு மருத்துவப் பௌதிகம், பூமிப் பௌதிகம் என்ற பிரிவுகளும் இருக்கின்றன. பாங்கியில் தேசியப் பல்கலைக்கழகத்தில் அணு விஞ்ஞானம் இருக்கிறது. ஆசிரியராக விரும்புகிறவர், தஞ்சோங் மாலிமில் சுல்தான் இட்ரிஸ் பல்கலைக்கழகத்தில் பௌதிக ஆசிரியர் பட்டம் படிக்கலாம். எஸ்.பி.எம். முடித்து, ஆறாம் படிவமோ மெட்ரிகுலேஷனோ படித்து இவற்றுக்குப் போக வேண்டும். மெட்ரிகுலேஷன் கிடைக்கவில்லை என்று அழுது ஓராண்டை வீணாக்கும் பிள்ளைகளைப் பார்க்கிறோம். ஆறாம் படிவம் கடினம் என்பது உண்மை. ஆனால் அரசாங்கப் பள்ளியில் ஏறக்குறையச் செலவில்லாமல் படிக்கலாம், அந்தச் சான்றிதழை வெளிநாடுகளிலும் ஏற்கிறார்கள். எங்களைக் கேட்டால், பௌதிகத்துக்குப் போகிற பிள்ளைக்கு அந்தக் கடினம் நல்ல உரம்.

தோழர் கேட்ட சம்பளக் கேள்வியை மறந்துவிடவில்லை. வானத்தைப் பார்ப்பதற்கென்றே சம்பளம் கொடுக்கும் இடங்கள் நம் நாட்டில் மிகக் குறைவு. ஆராய்ச்சியாளர் ஆக வேண்டுமானால் பட்டத்துக்கு மேல் டாக்டர் பட்டம் வரை போக வேண்டும். பத்து ஆண்டு ஓடிவிடும். இதை ஒளித்து வைத்துப் பிள்ளைகளை ஏமாற்ற மாட்டோம். ஆனால் பௌதிகப் பட்டம் பாதி வழியில் நின்றாலும் கைவிடாத பட்டம். புற்றுநோய்க்குக் கதிர்வீச்சுச் சிகிச்சை கொடுக்கும் மருத்துவமனைகளில், எவ்வளவு கதிர் செலுத்துவது என்று கணக்கிட மருத்துவப் பௌதிகம் படித்தவர் வேண்டும். எண்ணெய் தேடுவோருக்குப் பூமிப் பௌதிகம் வேண்டும். வானிலை இலாகாவுக்கு வேண்டும். பினாங்கு பாயான் லெப்பாசில் 1972இல் மின்னணுத் தொழிற்சாலைகள் திறந்த காலந்தொட்டு, தோட்டத்துப் பெண்கள் எத்தனை பேர் அங்கே ஆப்பரேட்டர் வேலைக்குப் பஸ் ஏறினார்கள்! அதே வாசலில் பௌதிகம் படித்த பெண் வேறு சம்பளத்துக்கு நுழையலாம்.

இவ்வளவும் எங்கே முடிச்சுப் போடப்பட்டிருக்கிறது தெரியுமா? அந்த நாலாம் படிவத் தாளில். பௌதிகமும் கூடுதல் கணிதமும் பதினாறு வயதில் விடுபட்டால், பிறகு எந்தப் பல்கலைக்கழகமும் இந்தப் பட்டத்துக்குள் சுலபத்தில் விடாது. எங்களுக்கு அது நடந்தது. தமிழ்ப் பள்ளியில் ஆறு ஆண்டு படித்து, புகுமுக வகுப்பில் ஓராண்டு உட்கார்ந்து, நாலாம் படிவம் வந்தபோது, "தோட்டத்துப் பிள்ளைக்குக் கூடுதல் கணிதம் எதற்கு, கணக்கியல் எடு" என்று ஓர் ஆசிரியர் சொன்னார். வீட்டில் கேட்க ஆள் இல்லை, எடுத்தோம். இன்று செக்ரோல் எழுதுகிறோம். கிராணி வேலை கேவலம் என்று சொல்ல வரவில்லை. அதில்தான் சோறு தின்கிறோம். ஆனால் அன்று நாங்களாகத் தேர்ந்தெடுக்கவில்லை, எங்களுக்காக வேறொருவர் தேர்ந்தெடுத்தார். தமிழை விட்டால்தான் விஞ்ஞானம் எடுக்க முடியும் என்று பயமுறுத்துகிறவர்களும் உண்டு. பள்ளியில் நேரம் ஒதுக்காவிட்டாலும் தமிழைத் தேர்வுப் பாடமாக எழுத வழி இருக்கிறதா என்று நேரில் போய்க் கேளுங்கள். தனியாகப் போகத் தயங்கினால் சங்கத்தில் ஒருவரைக் கூட்டிப் போங்கள்.

கோலாலம்பூரில் 1994 முதல் தேசியக் கோளரங்கம் இருக்கிறது. அடுத்த பள்ளி விடுமுறையில் ஒரு பஸ் பிடித்துப் பிள்ளைகளைக் கூட்டிப்போகக் கிளைக் குழு ஒப்புக்கொண்டிருக்கிறது. அதுவரை பிரட்டுக் களமே போதும். பட்டணத்து வெளிச்சம் இங்கே இல்லை. நாம் பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருப்பதால், தெற்கே தென் சிலுவையும் தெரியும், வடக்கே சப்தரிஷியும் தெரியும். இலண்டனில் இருப்பவருக்கு அந்தத் தென் சிலுவை கிடைக்காது.

ஒவ்வொரு வியாழக்கிழமையும் மாலை ஏழரை மணிக்குத் தமிழ்ப் பள்ளியில் கூடுதல் கணித வகுப்பு. பட்டணத்தில் படிக்கும் நம் பிள்ளைகள் இருவர் நடத்த முன்வந்திருக்கிறார்கள். காசு இல்லை, கொசுவர்த்தி மட்டும் கொண்டுவாருங்கள். மூன்றாம் படிவத்துப் பிள்ளைகளின் தாளைக் கையெழுத்துப் போடுமுன் ஆபீசில் ஒருமுறை காட்டிவிட்டுப் போங்கள்.

முதலில் சொன்ன தோழரின் தாள் இன்னும் எங்கள் மேசை அறையில்தான் இருக்கிறது. வெள்ளிக்கிழமை பள்ளியில் கொடுக்க வேண்டும். அவர் இதோ மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். மகளும் பக்கத்தில் இருக்கிறாள். கூட்டம் முடிந்ததும், அண்ணே, பேனா எங்களிடம் இருக்கிறது.