கை மரத்தால் காத்திருக்க வேண்டாம்
(சங்கத்தின் மாதக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நான் டாக்டர் அல்ல. வங்கியில் கணக்கெழுதி ஓய்வு பெற்றவன். ஆனாலும், பட்டவன் என்பதால் என்னையே பேசச் சொன்னார்கள்.

கவுன்ட்டரில் இடது முழங்கையை மேஜை விளிம்பில் ஊன்றியே பல வருடம் உட்கார்ந்திருக்கிறேன். சுண்டுவிரலும் மோதிர விரலும் மரத்தன. கழுத்து எலும்புத் தேய்மானம் என்று நானே முடிவு கட்டி, இரண்டு வருடம் தைலம் தேய்த்தேன். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே சதை குழி விழுந்த பிறகுதான் டாக்டரிடம் போனேன். முழங்கையில் இடித்தால் ஷாக் அடிப்பது போல் இருக்குமே, அந்த அல்நார் நரம்புதான் அழுந்தியிருந்தது. ஆபரேஷனுக்குப் பின் மரமரப்பு குறைந்தது. போன பலம் முழுதாகத் திரும்பவில்லை. இன்றும் அந்தக் கையால் பூட்டில் சாவியைத் திருப்பச் சிரமம்.

எந்த விரல் மரக்கிறது என்று கவனியுங்கள். கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல் மரத்து இரவில் தூக்கம் கலைந்தால், பெரும்பாலும் மணிக்கட்டில் நரம்பு அழுந்துகிறது. சர்க்கரை, தைராய்டு உள்ளவர்களுக்கு இது அதிகம். கழுத்திலிருந்து கை வரை வலி பாய்ந்தால், கழுத்தில் அழுத்தம் இருக்கலாம்.

கழுத்திலிருந்து ஐந்து நரம்பு வேர்கள் பின்னலாகச் சேர்ந்து தோள் வழியே கைக்கு இறங்குகின்றன. பைக்கிலிருந்து விழும்போது தலை ஒரு பக்கமும் தோள் மறுபக்கமும் இழுபட்டால் அந்தப் பின்னல் அறுந்துவிடலாம். ஹெல்மெட் தலையைக் காக்கும், இதைக் காக்காது.

இங்கே ஒரு கணக்கு. நரம்பு நாளொன்றுக்குச் சுமார் 1 மில்லிமீட்டர்தான் வளரும். கழுத்திலிருந்து உள்ளங்கை வரை சுமார் 70 சென்டிமீட்டர், அதாவது 700 நாள். நரம்பு இல்லாத தசையோ ஒன்றரை வருடத்துக்கு மேல் தாக்குப்பிடிப்பது கடினம். அதனால்தான் விபத்தில் கை தூக்க முடியாமல் போனால் ஆறு மாதத்துக்குள் அறுவை சிகிச்சை செய்ய டாக்டர்கள் விரும்புகிறார்கள். எண்ணெய்க்கட்டில் கழியும் ஒவ்வொரு மாதமும் நஷ்டக் கணக்குதான்.

1946-இல் நம் பக்கத்து வேலூர் சி.எம்.சி.க்கு வந்த டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் விரல்கள் அழுகி விழவில்லை, நரம்பு செத்து உணர்வில்லாததால் சூடும் காயமும் தெரியாமல்தான் சேதமாகின்றன என்று எடுத்துக்காட்டினார். மரத்த கையால் சூடான பாத்திரத்தைத் தொடாதீர்கள்.

பௌர்ணமிக்கு 14 கிலோமீட்டர் கிரிவலம் போகிறவர்கள், கனமான பையை ஒரே தோளில் மாட்டாமல் மாற்றி மாற்றிப் போடுங்கள்.

கை வலியோடு நெஞ்சு இறுக்கமோ வியர்வையோ, திடீர் மரமரப்போடு வாய்க் கோணலோ பேச்சுக் குழறலோ வந்தால் அது வேறு விஷயம். உடனே 108-ஐ அழையுங்கள். மற்றபடி, இரண்டு வாரத்துக்கு மேல் மரமரப்பு நீடித்தால் டாக்டரைப் பாருங்கள். பிடி தளர்ந்தாலோ, சதை குறைந்தாலோ அந்த இரண்டு வாரமும் வேண்டாம்.

நான் தவறவிட்ட கெடுவை நீங்கள் தவறவிடாதீர்கள்.