திரும்பி வருவோரின் முகவரி

மன்னார்த் தீவின் வடமேற்கு முனையிலே தலைமன்னார் அமைந்துள்ளது. அங்கிருந்து தனுஷ்கோடிக்குக் கடல்வழி ஏறக்குறைய 22 மைல். 1914 ஆம் ஆண்டில் இவ்விரு துறைகளுக்குமிடையே நீராவிக் கப்பல் ஓடத் தொடங்கியது. சென்னையிலே புகைவண்டி ஏறியவர், தனுஷ்கோடியிற் கப்பலேறி, தலைமன்னாரிலே மீண்டும் வண்டி பிடித்துக் கொழும்பை அடைந்தார். தோட்டங்களை நாடி வந்த தொழிலாளர் மண்டபம் முகாமிலே தங்கிச் சோதிக்கப்பட்ட பின்னரே கப்பலேற விடப்பட்டனர். அன்று அஞ்சப்பட்டது நோய். முகவரியைப் பற்றி எவரும் பெரிதாகக் கவலைப்படவில்லை.

1948 ஆம் ஆண்டின் குடிவரவு குடியகல்வுச் சட்டம் 1949 நவம்பர் 1 ஆம் திகதி நடைமுறைக்கு வந்தபோது நிலைமை மாறிற்று. இலங்கைப் பிரஜையல்லாதவர் இங்கு வந்து தங்குவதற்கு விசாவோ தற்காலிக வதிவிட அனுமதியோ வேண்டியதாயிற்று. யார், எங்கே வசிப்பவர், எவ்வளவு காலம் வசிப்பவர் என்ற மூன்று வினாக்கள் துறைமுகத்திலே காத்து நின்றன.

வினாக்கள் எளியவையே. ஆயினும், வீதிக்குப் பெயரும் வீட்டுக்கு இலக்கமும் உடையவருக்கு அவை எளியவையாயிருந்த அளவுக்கு ஏனையோருக்கு இருக்கவில்லை. மலைநாட்டுத் தொழிலாளியின் வீடு தோட்டத்துக்குச் சொந்தமான லயத்திலே ஓர் அறை. அங்கே முப்பது ஆண்டு உழைத்திருந்தாலும் அவர் பெயரில் உறுதியில்லை, வரிச்சீட்டில்லை. தோட்டத்துப் பேரேட்டிலுள்ள பெயரே அவருடைய முகவரி.

இத்தகையோருக்கு 1949 ஆம் ஆண்டின் இந்திய பாக்கிஸ்தானிய வதிவாளர் பிரஜாவுரிமைச் சட்டம் ஒரு வாயிலைத் திறந்தது. ஆனால் அவ்வாயில் ஒடுக்கமானது. 1946 ஜனவரி 1 ஆம் திகதிக்கு முன், மணமானவராயின் 7 ஆண்டுகளும் மற்றவராயின் 10 ஆண்டுகளும் இடைவிடாது இந்நாட்டில் வசித்திருத்தல் வேண்டும். அதன் பின்னரும் விண்ணப்பிக்கும் நாள்வரை அவ்வதிவு தொடர்ந்திருத்தல் வேண்டும். இடையிலே ஊருக்குப் போய்வந்தால், ஒரு தடவையில் 12 மாதத்துக்கு மேற்படாதிருந்தாற்றான் வதிவு முறியாததாகக் கொள்ளப்படும். தாயின் நோய்க்காகவோ மகளின் மணத்துக்காகவோ போனவர் பதினான்கு மாதம் தங்கிவிட்டால், அவருடைய முந்தைய ஆண்டுகள் அனைத்தும் கணக்கிலிருந்து நழுவக்கூடும். இச்சட்டத்தின்கீழ்ச் சுமார் 8 இலட்சத்து 25 ஆயிரம் பேருக்காக விண்ணப்பங்கள் சென்றன. பிரஜைகளாகப் பதியப்பட்டோர் சுமார் 1 இலட்சத்து 34 ஆயிரம் பேரே.

மன்னார்க் கரையிலே காவலும் பெருகியது. கள்ளக் குடியேற்றத்தைத் தடுக்க 1952 இல் இராணுவம் வடமேற்குக் கரையில் நிறுத்தப்பட்டது. 1954 ஜனவரியில் நேருவும் கொத்தலாவலையும் செய்த உடன்பாடு, தேர்தல் இடாப்பில் இல்லாத வயதுவந்தோர் அனைவருக்கும் தனிப் பதிவேடு ஒன்று வகுக்கச் சொன்னது. அதிலும் பதியப்படாதவர், இந்திய மொழியொன்றைத் தாய்மொழியாக உடையவராயின், மறுதலையாக நிரூபிக்கும்வரை கள்ளக் குடியேறியவராகவே ஊகிக்கப்படுவார். பதிவேட்டிலே ஒரு வரி இல்லாமை ஒரு மனிதனைக் குற்றவாளியின் இடத்தில் நிறுத்தவல்லதாயிற்று.

1964 ஒக்டோபர் 30 ஆம் திகதிய ஸ்ரீமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் 5 இலட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியாவுக்கு ஒதுக்கியது. அவர்களுட் பெருந்தொகையினர் தலைமன்னார்த் துறையிலேதான் இலங்கை மண்ணை இறுதியாக மிதித்தனர். பின்னர்ப் போர் வந்தது. இம்முறை மன்னார் மக்களே படகேறி இராமேஸ்வரக் கரையை அடைந்தனர். முன்பு தொழிலாளரைச் சோதித்தனுப்பிய மண்டபம், இப்போது ஏதிலிகள் முகாமாயிற்று. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட மன்னார் முஸ்லிம்களோ, நாட்டின் எல்லையைக் கடவாமலே புத்தளத்தில் முகவரியற்றவராயினர். இடம்பெயர்ந்தோர் தத்தம் பழைய ஊரின் வாக்காளராகப் பதிவதற்கென 2013 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கச் சட்டம் பிறக்க வேண்டியிருந்தது.

இன்று திரும்பிவரும் முதியோர் இருவகையினர். ஒருவகையினர் தமிழகத்து முகாம்களிலிருந்து வருவோர். 2025 மே மாதத்தில் அவ்வாறு வந்த முதியவர் ஒருவர், முன்பு முறையான துறைவழியன்றி வெளியேறினார் என்பதற்காகப் பலாலி விமான நிலையத்திற் கைதானார். உயிர் தப்ப ஓடியவனிடம் கடவுச்சீட்டைக் கேட்பது நியாயமாகுமா என்பதை ஆள்வோர் சிந்தித்தல் வேண்டும். மற்றவகையினர், பிறநாட்டிலே உழைத்து ஓய்வுபெற்று, அந்நாட்டுப் பிரஜைகளாகவே பிறந்த ஊருக்கு மீள்வோர். பிறநாட்டுப் பிரஜாவுரிமை பெற்றவுடன் இலங்கைப் பிரஜாவுரிமை நீங்கிவிடும் என்பது இவர்களுட் பலருக்குத் தெரிவதில்லை. பேசாலையிலே சொந்த வீடு இருப்பினும், சட்டத்தின் கண்ணுக்கு அவர் விசாவில் வந்த விருந்தினரே. கரையிறங்கும்போது தங்கும் முகவரியைத் தெரிவித்தலும், விசாக்காலம் தீருமுன் அதனை நீடித்தலும் அவர் கடமை. 55 வயதைக் கடந்தவராயின் இரட்டைப் பிரஜாவுரிமைக்கு விண்ணப்பிக்கவும் வழியுண்டு.

இலங்கைப் பிரஜையாகவே மீள்பவர் முதலில் நாட வேண்டியவர் கிராம அலுவலர். வதிவிடச் சான்றிதழ் அவரிடமே தொடங்குகிறது. பிரதேச செயலகத்தாரும் ஆட்பதிவுத் திணைக்களத்தாரும் அச்சான்றையே கேட்பர். தேர்தல் இடாப்பு ஆண்டுதோறும் திருத்தப்படுகிறது. திரும்பியோர் அவ்வேளையிலே தம் பெயர் உள்ளதா எனப் பார்த்தல் வேண்டும். பிள்ளைகள் இந்தியாவிலே பிறந்தவர்களாயின் அவர்களின் பிறப்பையும் பிரஜாவுரிமையையும் இலங்கை அரசிடம் பதிவித்தல் இன்றியமையாதது. பேரர் காலத்தில் எழக்கூடிய வழக்கைப் பாட்டன் காலத்திலேயே தீர்த்துவைக்கும் வேலை அது.

முகவரி கேட்பதில் அரசைக் குறைகூற இயலாது. தன் எல்லைக்குள் வாழ்வோர் யாவர் என அறியாமல் எந்த அரசும் மருந்தோ கல்வியோ பங்கீடோ வழங்கவியலாது. ஆனால் பதிவேடு மனிதனுக்காக வந்ததேயன்றி மனிதன் பதிவேட்டுக்காக வந்தவனல்லன். தாள் தொலைந்தவனுக்கு அயலவர் சாட்சி உண்டு. கோயிற் பதிவும் பள்ளிக்கூட இடாப்பும் உண்டு. அவற்றையும் ஏற்கும் மனம் அதிகாரிக்கு வேண்டும். தன் இருப்பைக் காலந்தாழ்த்தாது அறிவிக்கும் ஒழுங்கு குடிமகனுக்கு வேண்டும். இரண்டும் சேருமாயின், மன்னார்க் கரையிலே இறங்கும் முதியவர் எவரும் தம் சொந்த மண்ணிலே அந்நியராக நிற்க நேராது.